என்டர் விசையும் ரகக் கட்டமும்: கிருஷ்ணகிரி எடை அறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நடந்தது

அல்போன்சா மாம்பழம் ஏற்றி வந்த விவசாயிக்குப் பெங்களூரா விலை போட்டுப் பணம் கொடுத்துவிட்டார்கள். இடம், கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் இடையில் உள்ள ஒரு மாங்கூழ் ஆலை. அல்போன்சா வரத்து ஓய்ந்து பெங்களூரா ஏறிக்கொண்டிருந்த நேரம். இரண்டு ரகத்துக்கும் கிலோ விலையில் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. ஒரு டிராக்டர் லோடுக்குக் கணக்குப் போட்டால் ஒரு குடும்பத்தின் பல நாள் செலவு அதற்குள் அடங்கிவிடும். அவர் சீட்டை எடுத்துக்கொண்டு நேராக எடை அறைக்கு வந்தார்.

"ஏம்மா, அல்போன்சாவைக் கொண்டாந்து கொட்டிட்டுப் போனேன். பெங்களூரான்னு போட்டு வெச்சிருக்கீங்களே?"

ஆபரேட்டர் பெண் சீட்டை வாங்கிப் பார்த்தார். அவர் அடித்த சீட்டுதான். ரகம் பெங்களூரா என்றுதான் இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் இன்னும் சிலர் அதே குறையோடு வந்தார்கள். ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று நிர்வாகம் முடிவு கட்டியது. வித்தியாசத் தொகையைச் சம்பளத்தில் பிடிக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. அந்தப் பெண் பல சீசன்களாக அதே நாற்காலியில் உட்கார்ந்து எடை போட்டவர். பழைய மென்பொருள் இருந்த காலத்தில் அவர் மேல் ஒரு புகார்கூட வந்ததில்லை. அந்த சீசனில் மாறியது மென்பொருள் மட்டும்தான். கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர் இதைச் சொல்லி வற்புறுத்திய பிறகே, திரை வடிவமைப்பு வேலை செய்யும் என்னைப் பார்க்கச் சொன்னார்கள்.

பார்த்ததையும், அது ஏன் அப்படி ஆனது என்பதையும் இங்கே எழுதுகிறேன். காரணத்தைத் தேடிப் போனால் அது 1971 வரை போகிறது.

எடை அறை

அறை சின்னது. ஜன்னலுக்கு வெளியே எடை மேடை. லாரி, டிராக்டர், பிக்கப், குட்டியானை என்று சீசனில் வரிசை ரோடு வரை நிற்கும். மேசையின் இடது பக்கம் எடை காட்டும் கருவி, சிவப்பு எண்களோடு. நடுவில் கணினி. வலது பக்கம் சீட்டு அடிக்கும் பிரிண்டர். ஆபரேட்டரின் இடது கை ஜன்னல் வழியாக நீட்டப்படும் டோக்கனை வாங்கும். வலது கை விசைப்பலகையின் வலது ஓரத்து எண் விசைகளை விட்டு நகராது. கண்ணோ திரையில் இருக்காது. சக்கரம் நான்கும் மேடைக்குள் இருக்கிறதா, கிளீனர் இறங்கிவிட்டானா, சிவப்பு எண் ஆடாமல் நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டிய கண் அது. திரைக்குக் கிடைப்பது கடைசியில் ஒரு நொடி.

பழைய மென்பொருளில் வேலை இப்படிப் போகும். வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம், என்டர். விவசாயியின் குறியீட்டு எண், என்டர். ரகத்தின் எண் (அல்போன்சா 1, பெங்களூரா 2, நீலம் 3, செந்தூரா 4), என்டர். எடை நின்றதும் எஃப்5. எண் கருவியிலிருந்து கட்டத்துக்குள் வந்துவிடும். கடைசியாக ஒரு என்டர், பதிவு முடிந்தது. எஃப்5-க்கு மட்டும் விரல் மேலே போய் வரும். மற்றதெல்லாம் எண் விசைகளுக்குள்ளேயே முடிந்துவிடும்.

புது மென்பொருள் உலாவியில் இயங்குவது. டவுன் அலுவலகத்தில் இருப்பவர் வரத்தை உடனுக்குடன் பார்க்க வேண்டும், பணப் பட்டுவாடா தானாகவே கணக்கில் ஏற வேண்டும் என்பதற்காக மாற்றினார்கள். அது அரைகுறை வேலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எழுத்து பெரிது, தலைப்புகள் தமிழில் இருந்தன, எடை நின்றதும் தானாகவே கட்டத்துக்கு வந்தது. முன்பு வந்த வண்டி என்றால் எண்ணை அடித்ததுமே விவசாயியின் பெயரும் ஊரும் வந்து உட்கார்ந்துவிடும். பெரும்பாலான வண்டி பெங்களூராதான் என்பதால் ரகக் கட்டத்தில் அதையே முன்கூட்டி நிரப்பி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் ஆபரேட்டரின் வேலையைக் குறைக்க நல்ல எண்ணத்தோடு செய்ததுதான்.

சத்தம் போட்ட பிழை, போடாத பிழை

முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்தது எஃப்5 பிழை. எடை நின்றதும் பழக்கத்தில் விரல் எஃப்5-க்குப் போகும். உலாவியில் அந்த விசை பக்கத்தை மறுபடி ஏற்றும். அடித்ததெல்லாம் காணாமல் போகும். வரிசை நீண்டது, டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள், மேலாளர் ஓடி வந்தார். மென்பொருள் குழு அன்று மாலையே அந்தப் பக்கத்தில் எஃப்5-ஐ முடக்கியது. பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் நம்பினார்கள்.

இரண்டாவது பிழை ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே வந்த வண்டி ஒன்று மேடை ஏறுகிறது. ஆபரேட்டர் நான்கு இலக்கம் அடிக்கிறார். பெயர் வந்துவிடுகிறது, ரகம் ஏற்கெனவே இருக்கிறது, எடையும் வந்துவிட்டது. அதாவது, கட்டாயக் கட்டம் எதுவும் காலியாக இல்லை. இப்போது அடுத்த கட்டத்துக்குப் போவதாக நினைத்து அவர் என்டர் தட்டுகிறார். புது மென்பொருளில் என்டர் என்றால் சமர்ப்பி. பெங்களூரா என்றே பதிவு விழுந்துவிடுகிறது. திரையில் அடுத்த வண்டிக்கான காலிப் படிவம் வந்து நிற்கிறது. அவர் தொடர்ந்து அடிக்கும் விவசாயி எண் அந்தப் புதுப் படிவத்தின் வண்டி எண் கட்டத்துக்குள் விழுகிறது. அப்படி ஒரு வண்டி இல்லை என்று ஓரத்தில் சின்னதாகச் சிவப்பு வரி. அவர் நிமிர்ந்து பார்க்கும்போது பட்டியலில் வண்டி ஏறியிருக்கிறது. சிக்கிக்கொண்ட படிவத்தை அழித்துவிட்டு அடுத்த வண்டியைக் கூப்பிடுகிறார்.

புது வண்டிகளுக்கு இது நடக்காது. பெயர்க் கட்டம் காலியாக இருப்பதால் என்டர் தட்டினாலும் பதிவு விழாது, நிரப்பச் சொல்லிக் கேட்கும். மென்பொருள் குழு சோதித்துப் பார்த்ததெல்லாம் புது வண்டி எண்களை வைத்து, அதுவும் மவுசையும் டேபையும் வைத்து. அதனால்தான் அவர்கள் கண்ணில் படவில்லை.

சர்வர் பதிவைத் திறந்ததும் கதை முழுவதும் அதில் இருந்தது. தகராறுக்கு வந்த சீட்டுகள் எல்லாமே இரண்டாம் முறையோ அதற்குப் பிறகோ வந்த வண்டிகள். ஒவ்வொன்றிலும் வண்டி எண் அடித்த கையோடு பதிவு விழுந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால், வண்டி எண் என்ற பெயரில் ஒரு விவசாயியின் குறியீட்டு எண்ணைத் தேடித் தோற்ற முயற்சி ஒன்று நின்றது. அந்தப் பெண்ணிடம் காட்டினேன். "நான் ரகத்தைத் தொடவே இல்லீங்க சார், தொடறதுக்கு முன்னாடியே அது போயிருச்சு" என்றார். நடந்ததை அதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது.

சரக்கு இறக்கும் கொட்டகையில் மேஸ்திரி ஒரு நோட்டு வைத்திருந்தார். எந்த வண்டி, எந்த ரகம், எந்தக் குவியலில் கொட்டியது என்று பென்சிலில் எழுதிய நோட்டு. கணக்குப் பிரிவு அதையும் கணினிப் பதிவையும் வரிக்கு வரி ஒத்துப் பார்த்தது. குறைவாகப் போன பணத்தை உரியவர்களுக்குப் போட்டார்கள். சம்பளப் பிடித்தம் என்ற பேச்சு அத்தோடு நின்றது.

என்டர் விசைக்கு இரண்டு தாய்வீடு

ஒரே விசை ஓர் இடத்தில் அடுத்த கட்டத்துக்குப் போ என்றும் இன்னோர் இடத்தில் அனுப்பிவிடு என்றும் பொருள்படுவது எப்படி? தட்டச்சுப் பொறியில் தாள் சுற்றிய உருளைப் பகுதியைத் திருப்பித் தள்ளினால் அடுத்த வரி தொடங்கும். அந்தப் பொருள் கணினி விசைப்பலகைக்கு அங்கிருந்து வந்தது. அனுப்பு என்ற பொருள் வேறு வழியில் வந்தது.

1971-இல் ஐ.பி.எம். தன் 3270 வரிசை முனையங்களை, அதாவது பெரிய கணினியோடு இணைத்த திரையும் விசைப்பலகையும் கொண்ட கருவிகளை, கொண்டுவந்தது. பெரிய கணினி எங்கோ இருக்கும். முனையத்தில் ஒரு படிவம் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் பெரிய கணினியைத் தொந்தரவு செய்தால் அது தாங்காது. அதனால் படிவம் முழுவதையும் முனையத்திலேயே நிரப்பி, முடிந்ததும் ஒரே மூச்சில் அனுப்புவார்கள். அனுப்பும் விசைதான் என்டர். கட்டத்திலிருந்து கட்டத்துக்குப் போக டேப். அடுத்த வரிக்குப் போக வேறொரு விசை, தட்டச்சுக்காரர்களுக்குப் பழகிய இடத்தில். என்டரோ அதிலிருந்து தள்ளி, இடைவெளிக் கட்டைக்கு வலது பக்கம், இன்று வலது கண்ட்ரோல் இருக்கும் இடத்தில் இருந்தது. இரண்டு வேலைக்கு இரண்டு விசை, குழப்பமே இல்லை. 1981-இல் ஐ.பி.எம். தனிநபர் கணினி வந்தபோது இரண்டும் ஒரே விசையில் போய் விழுந்தன. அந்த ஒரு விசைக்கு என்ன பொருள் என்பதை அன்றிலிருந்து ஒவ்வொரு மென்பொருளும் தனக்குத்தானே முடிவு செய்துகொண்டது.

விண்டோஸ் பரவுவதற்கு முன், எண்பதுகளின் டாஸ் இயங்குதள உலகில் என்டருக்கு மட்டுமல்ல, எந்த விசைக்கும் பொது ஒழுங்கு கிடையாது. வேர்ட்பெர்ஃபெக்ட் என்ற எழுத்து மென்பொருளில் உதவிக்கு எஃப்3, வெளியேற எஃப்7. லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் மென்பொருளில் சாய்கோடு தட்டினால் கட்டளைப் பட்டியல் வரும். இன்னொரு எழுத்து மென்பொருளான வேர்ட்ஸ்டாரில் கண்ட்ரோலோடு இரண்டு எழுத்து. எந்த விசை எதற்கு என்று அச்சிட்ட பிளாஸ்டிக் பட்டையை விசைகளின் மேல் பொருத்தி வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள்.

இதற்கு ஒழுங்கு கொண்டுவர இரண்டு பெரிய முயற்சிகள் ஒரே ஆண்டில், 1987-இல், நடந்தன. ஆப்பிள் தன் மேசைத்தள இடைமுகத்துக்கான வழிகாட்டு நெறிகளைத் தனிப் புத்தகமாகவே வெளியிட்டது. அதற்குப் பின்னால் ஜெராக்ஸின் பார்க் ஆய்வகத்திலும் பிறகு ஆப்பிள் லிசாவிலும் வேலை பார்த்த லாரி டெஸ்லர் போன்றவர்களின் உழைப்பு இருந்தது. ஆட்களை உட்காரவைத்து அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத் திருத்தியவர்கள் அவர்கள். ஐ.பி.எம். வெளியிட்டது சி.யு.ஏ., அதாவது பொதுப் பயனர் அணுகல் விதிகள். பெரிய கணினியோ சின்னக் கணினியோ, எதில் உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். இன்றும் எஃப்1 தட்டினால் உதவி வருவதும், ஆல்ட்-எஃப்4 தட்டினால் ஜன்னல் மூடுவதும், பட்டியலில் ஒரு சொல்லுக்குப் பின்னால் மூன்று புள்ளி இருந்தால் இன்னொரு பெட்டி திறக்கும் என்று நமக்குத் தெரிவதும் அந்த விதிகள் விட்டுச்சென்றவை. ஓ.எஸ்.2, விண்டோஸ் இயங்குதளங்கள், யூனிக்ஸ் உலகின் மோட்டிஃப் திரை அமைப்பு எல்லாம் அதைப் பின்பற்றின. கட்டத்துக்குக் கட்டம் டேப், செயலுக்கு என்டர் என்பது 3270 காலத்திலிருந்தே ஐ.பி.எம்.மில் ஊறிய பழக்கம், சி.யு.ஏ. அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

இங்கே நம் நாட்டில் நடந்தது வேறு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கடை, மண்டி, ஆலை, கூட்டுறவுச் சங்கம் என்று கணினி நுழைந்த இடங்களில் ஓடியவை டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோ, கிளிப்பர் போன்ற தரவுத்தளக் கருவிகளில் எழுதிய நிரல்கள். அவற்றில் என்டர் தட்டினால் அடுத்த கட்டம். 1986-இல் தொடங்கிய பெங்களூர் நிறுவனத்தின் கணக்கு மென்பொருளான டேலியும் அதே வழிதான்: என்டர் தட்டத் தட்டக் கட்டம் கட்டமாக நகர்ந்து, கடைசியில் ஏற்றுக்கொள்ளவா என்று கேட்கும். எண்களோடு வேலை செய்பவனுக்கு இதுதான் இயல்பு. டேப் விசை இடது கோடியில் இருக்கிறது. வலது கை எண் விசைகளில் இருக்கிறது. அங்கேயே இன்னொரு என்டர் இருக்கிறது. அந்த இரண்டாவது என்டர் எண்பதுகளின் நடுவில் ஐ.பி.எம். கொண்டுவந்த 101 விசைப் பலகையோடு வந்தது. அதற்கு முந்தைய தனிநபர் கணினிப் பலகையில் அந்த மூலையில் நெட்டையாக நின்றது கூட்டல் குறி விசை.

ஓசூரிலிருந்து அரூர் வரை ஒரு பலசரக்கு மொத்தக் கடையின் கல்லாவில் உட்கார்ந்து பாருங்கள். என்டர் தட்டித் தட்டிப் பில் போடும் விரல்களைத்தான் பார்ப்பீர்கள். யாரும் குழு கூடி எழுதாத, ஆனால் கோடிக்கணக்கான பில்களில் உறுதியான ஒரு நியமம் அது. அதற்கு எந்தத் தர நிறுவனமும் எண் கொடுக்கவில்லை என்பதால் அது நியமம் இல்லை என்று ஆகிவிடாது.

உலாவியின் என்டர் ஐ.பி.எம். வழியோடு ஒத்துப்போவது. இணையப் பக்கங்களை எழுதும் மொழி எச்.டி.எம்.எல். 1995 நவம்பரில் வெளியான அதன் 2.0 விவரக்குறிப்பில் ஒரு வாக்கியம் உண்டு: படிவத்தில் ஒற்றை வரிக் கட்டம் ஒன்றே ஒன்றுதான் இருந்தால், அதில் தட்டும் என்டரைச் சமர்ப்பிக்கும் கோரிக்கையாக உலாவி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று. தேடல் பெட்டிக்கு அது மிகப் பொருத்தம். அளவாகத்தான் எழுதியிருந்தார்கள். பிறகு உலாவிகள், சமர்ப்பிக்கும் பொத்தான் இருக்கிற படிவம் எதுவானாலும், எந்தக் கட்டத்தில் என்டர் தட்டினாலும் அனுப்பத் தொடங்கின. 2014-இல் அதிகாரபூர்வப் பரிந்துரையாக வெளியான எச்.டி.எம்.எல். 5 அதை மறைமுகச் சமர்ப்பிப்பு என்று பெயரிட்டு எழுதிவைத்தது. தேடல் பெட்டிக்காகப் பிறந்த வசதி இப்படித்தான் கிருஷ்ணகிரி எடை அறையின் ரகக் கட்டத்தைத் தாண்டிக் குதித்தது.

மென்பொருள் குழுவோடு பேசியது

"சார், வெப் ஸ்டாண்டர்டு அப்படித்தான். என்டர்னா சப்மிட். நாங்க தப்பா எதுவும் பண்ணல" என்றார் குழுவின் தலைவர். அவர் சொன்னது உண்மை. விதியை மீறவில்லை, சொல்லப்போனால் விதியை அப்படியே விட்டிருந்தார்கள்.

ஆனால் விதிகள் விசைப் பட்டியலோடு முடிவதில்லை. சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 9241 என்ற நியமத் தொகுதி அலுவலகத் திரைகளுக்கான உடலியல் தேவைகள் என்று தொடங்கி, தொண்ணூறுகளில் பகுதி பகுதியாக வெளிவந்தது. அதன் 10-ஆம் பகுதி, 1996-இல், பயனரும் திரையும் நடத்தும் உரையாடலுக்கான கோட்பாடுகள் ஏழைச் சொன்னது. வேலைக்குப் பொருந்துதல், தன்னைத்தானே விளக்குதல், கட்டுப்பாடு பயனரிடம் இருத்தல், பயனரின் எதிர்பார்ப்போடு ஒத்துப்போதல், பிழை பொறுத்தல், ஆளுக்கேற்ப மாற்ற முடிதல், கற்க எளிதாதல். 2006-இல் அது 110-ஆம் பகுதியானது; 2020-இல் மறுபடி திருத்தினார்கள். எல்லாப் பதிப்பிலும் எதிர்பார்ப்போடு ஒத்துப்போதல் இருக்கிறது. அந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது? பயனர் தன் வேலையில் பழகியதிலிருந்தும், பொதுவாக ஏற்றுக்கொண்ட வழக்கத்திலிருந்தும். எடை அறைப் பெண்ணின் வலது கையில் இருக்கும் வழக்கத்தை ஐ.எஸ்.ஓ.வே கணக்கில் எடுக்கச் சொல்கிறது என்பதுதான் நான் அவர்களிடம் வைத்த வாதம்.

இன்னொன்றும் சொன்னேன். மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த முடிவதற்கான இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டு நெறிகளின் 2.0 பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. 2012-இல் அதுவே ஐ.எஸ்.ஓ. நியமமும் ஆனது. அதில் 3.3.4 என்ற விதி, சட்டப் பொறுப்போ பணப் பரிமாற்றமோ உண்டாக்கும் பக்கங்களுக்கானது. சமர்ப்பித்ததைத் திரும்பப் பெற முடிய வேண்டும், அல்லது பிழை இருக்கிறதா என்று சரிபார்த்துத் திருத்த வாய்ப்புத் தர வேண்டும், அல்லது முடிப்பதற்கு முன் பார்த்து உறுதி செய்ய வழி வேண்டும். மூன்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். ஆனால் அந்த விதி பயனர் என்று சொல்வது திரை முன் இருப்பவரை. இங்கே விசையைத் தட்டுபவர் ஒருவர், பணம் போவது ஜன்னலுக்கு வெளியே நிற்கும் இன்னொருவருக்கு. அவர் திரையைப் பார்க்கவே முடியாது. இந்த இடத்தில் நியமங்கள் எனக்குப் போதாமலே தெரிகின்றன. எடை மேடைக்குச் சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009 இருக்கிறது. சரிபார்த்து முத்திரை போடுகிறார்கள். அந்த முத்திரை கிலோவுக்குத்தான். கிலோவைப் பணமாக மாற்றும் ரகக் கட்டத்துக்கு இல்லை.

ஆபரேட்டர் மேல் பழி போடும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க பி-17 விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, விமானிகள் இறக்கையின் மடிப்பை (ஃபிளாப்) ஏற்றுவதற்குப் பதிலாகச் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். விமானியின் தவறு என்றுதான் எழுதினார்கள். அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தபோது, இரண்டு விசைகளும் ஒரே உருவத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சக்கர விசைக்குச் சக்கர வடிவக் குமிழும் மடிப்பு விசைக்கு ஆப்பு வடிவக் குமிழும் வைக்கச் சொன்னார். இன்றும் விமான அறையில் சக்கர நெம்புகோலின் நுனி சக்கர வடிவில் இருக்கிறது. கைக்குத் தெரியும்படி செய்தால் தவறு குறையும் என்ற பாடம் ஏறக்குறைய எண்பது ஆண்டுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. அது எட்டாத ஓர் அலுவலகத்தில் ஒரு பெண்ணின் சம்பளத்தில் கை வைக்கப் பார்த்தார்கள் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

செய்த மாற்றம்

முதலில் ரகக் கட்டத்தைக் காலியாக்கினோம். இதுதான் மிக முக்கியம், இதற்கு எந்த எதிர்ப்பும் வரவில்லை. பெரும்பாலும் சரியாக இருக்கும் முன்னிருப்பு, அதாவது முன்கூட்டி நிரப்பிய விடை, ஆபத்தானது; அது தவறும்போது கண் அதைத் தேடாது. இப்போது 1, 2, 3, 4 என்று ஒரு விசையைத் தட்டாமல் பதிவு விழாது.

அடுத்தது என்டர். அதை அடுத்த கட்டத்துக்குப் போகும் விசையாக மாற்றினோம். டேபும் அதே வேலையைச் செய்யும். கடைசிக் கட்டத்தில் என்டர் தட்டினால் சேமிக்கவா என்று கேட்கலாம் என்றார் குழுத் தலைவர். எனக்கு அது பிடிக்கவில்லை. கேள்விப் பெட்டி ஒவ்வொரு வண்டிக்கும் வந்தால் இரண்டாம் நாளே விரல் அதையும் சேர்த்து இரண்டு முறை தட்டப் பழகிவிடும். பெட்டி இருக்கும், பாதுகாப்பு இருக்காது. 3270 செய்ததையே செய்தோம், இரண்டு வேலைக்கு இரண்டு விசை. நகர என்டர். பதிவு செய்ய, எண் விசைகளில் என்டருக்கு நேர் மேலே இருக்கும் கூட்டல் குறி. கை நகர வேண்டியதில்லை. ஆனால் விரல் வேறிடத்துக்குப் போக வேண்டும். அந்தச் சின்ன இடமாற்றத்தில்தான் கண் ஒரு முறை திரைக்கு வரும்.

இதில் ஒரு நியமச் சிக்கலும் இருந்தது. முன்பு சொன்ன இணைய அணுகல் நெறிகளின், 2018-இல் வந்த 2.1 பதிப்பில் 2.1.4 என்ற விதி, ஒற்றை எழுத்தையோ எண்ணையோ குறியையோ மட்டும் குறுக்குவிசையாக வைத்தால், அதை அணைக்கவோ மாற்றவோ பயனருக்கு வழி இருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்குரிய கட்டத்தில் நிற்கும்போது மட்டும் அது வேலை செய்ய வேண்டும் என்கிறது. குரலால் கணினியை இயக்குபவர்களுக்கும், கை நடுங்கி வேறு விசை பட்டுவிடுபவர்களுக்கும் அது தேவை. எடை அறையில் இன்று அப்படி யாரும் இல்லை என்று சொல்லித் தள்ளிவிடலாம்; நாளை வருபவர் யார் என்று யாருக்குத் தெரியும்? அமைப்புப் பக்கத்தில் கூட்டல் குறியை அணைக்கவும் வேறு விசைக்கு மாற்றவும் இடம் வைத்தோம்.

அந்த இடம் எதிர்பாராத வகையில் உடனே பயன்பட்டது. இரவு ஷிப்டுக்கு வரும் பையன் கல்லூரி முடித்தவன். டேலியைத் தொட்டதில்லை, உலாவியில் வளர்ந்தவன். அவன் விரலுக்கு டேப்தான் இயல்பு. "அக்காவுக்கு என்டர் இருக்கட்டும்ணா, எனக்குப் பழையபடி விட்டுடுங்க" என்றான். அவனுக்கும் எதிர்பார்ப்பு உண்டு, அதுவும் பழக்கத்திலிருந்து வந்ததுதான். ஆபரேட்டர் எந்தப் பெயரில் உள்நுழைகிறாரோ அவருக்கேற்ற அமைப்பு வரும்படி செய்தோம். ஆளுக்கேற்ப மாற்ற முடிதல் என்ற கோட்பாடு 2020 பதிப்பின் தலைப்புப் பட்டியலில் தனியாக இல்லை. ஒரே நாற்காலியில் இரண்டு தலைமுறை மாறி மாறி உட்காரும் இடத்தில் வேலை செய்த பிறகு, அது தனித் தலைப்பாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் ரகக் கட்டம் இருவருக்குமே காலிதான். அதில் விருப்பத்துக்கு இடமில்லை.

வெளியே நிற்பவருக்காக, ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்தபடி ஒரு பழைய மானிட்டரை வைத்தார்கள். அதில் மூன்றே மூன்று விஷயம், தமிழில், பெரிய எழுத்தில்: பெயர், ரகம், எடை. பதிவு விழுவதற்கு முன்பே தெரியும். வைத்த முதல் வாரத்திலேயே ஒரு டிரைவர் ஜன்னலைத் தட்டி, "இது நீலம்ங்க" என்று திருத்தினார். அந்தத் தவறு விரலால் வந்ததுதான். மென்பொருள் எவ்வளவு சரியாக இருந்தாலும் விரல் தவறும். அதைப் பிடிக்கத் தகுதியானவர் சரக்குக்குச் சொந்தக்காரர்.

இனி வாங்கும்போது

சீசன் முடிந்ததும் நிர்வாகம் என்னிடம் கேட்டது, அடுத்த முறை மென்பொருள் வாங்கும்போது இதை எப்படித் தவிர்ப்பது என்று. தர எண்களை ஒப்பந்தத்தில் அடுக்குவது மட்டும் போதாது என்றேன். அரசுத் தளங்களுக்கு 2009-இலிருந்தே தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. 2023-இல் மூன்றாம் பதிப்பு வந்திருக்கிறது. நல்ல ஆவணம்தான். ஆனால் ஒரு தனியார் ஆலையின் எடை அறையில் எந்தக் கை எந்த விசையில் இருக்கும் என்று அதில் தேட முடியாது. அதை அந்த அறையில் உட்காருபவர்தான் எழுத வேண்டும்.

எழுதினார்கள். இரண்டு ஆபரேட்டர்களும் மேஸ்திரியும் கணக்குக்காரரும் உட்கார்ந்து ஒரு பக்கம். எந்த விசை என்ன செய்ய வேண்டும். எந்தக் கட்டத்தை ஒருபோதும் முன்கூட்டி நிரப்பக் கூடாது. சோதிக்கும்போது ஏற்கெனவே வந்த வண்டியையும் எண் விசைகளையும் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். சோதனையில் ஆபரேட்டர் உட்கார வேண்டும், மென்பொருள்காரர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். என் பங்கு அதை ஒழுங்குபடுத்தித் தட்டச்சு செய்தது மட்டும். கடைசி வரி அந்தப் பெண் சேர்த்தது: சீட்டைக் கையில் கொடுக்கும்போது ரகத்தை வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மென்பொருள் ஒப்பந்தத்தில் இந்த வரி எதற்கு என்று ஒருவர் கேட்டார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். இப்போது அந்தப் பக்கம் ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்ந்திருக்கிறது. அதில் கையெழுத்துப் போடாத மென்பொருள் நிறுவனத்தின் விலைப்புள்ளியை வாங்குவதில்லை என்று ஆலை முடிவு செய்திருக்கிறது.